மூச்சுப் பொறுப்பாளர்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கியது, சக்கரத்தில் ஓடியது, கடைசியில் ஒரு குளிர்பெட்டிக் கம்பெனியின் ‘வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு’க்கு வந்து சேர்ந்ததும், இதற்கு மேல் போக இடமில்லை என்று உட்கார்ந்துவிட்டது. இதை அந்தப் பிரிவின் மேலாளரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். ஆகவே சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மேலாளர் மீன் பிடிப்பார். அதில் பெருமை இல்லை, கொக்கும்தான் பிடிக்கிறது. ஆனால் அவர் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கொக்குக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை.

ஊருக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தத் திருப்பணி நடந்தது. அங்கே ஒரு வகை மீன் உண்டு. வாய் அகலம், பசி அதிகம், எதிரே எது ஆடினாலும் பாய்ந்து கவ்வும். அதற்கு ‘பாஸ்’ என்று பெயர். பெயரை முன்னிட்டு அலுவலகத்தில் அதைப் பற்றி யாரும் தரக்குறைவாகப் பேசுவதில்லை.

உயிருள்ள புழுவைக் கொக்கியில் கோப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது மேலாளரின் கொள்கை. பொய்ப் புழுதான் பொறுப்பான புழு. அதற்கென்றே மூன்று அடுக்குப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். திங்கட்கிழமைக் கூட்டங்களில், குளிரவே குளிராத பெட்டிகளைப் பற்றிய புகார்கள் ஒரு பக்கம் காத்திருக்க, அந்தப் பெட்டி மேஜைமேல் திறக்கும். நெளிகிற ரப்பர் புழு, தண்ணீருக்கு மேலே துள்ளுகிற ரப்பர் தவளை, வெயிலில் பளிச்சென்று மின்னுகிற உலோகக் கரண்டி, அடிபட்ட குஞ்சு மாதிரி நொண்டி நொண்டி நீந்துகிற மர மீன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்.

“மீனை ஏமாத்தறது ஒரு கலை” என்பார். “அதுக்குப் பசிக்குதான்னு பார்க்கக் கூடாது. ஆசை வருதான்னு பார்க்கணும். ஆசை வந்துட்டா, வயிறு நிறைஞ்ச மீன்கூட வாயைத் திறக்கும்.”

பிரிவே மெய்மறந்து தலையாட்டும். தலையாட்டாதவர்களுக்கு அன்று மதியம் கோபக்கார வாடிக்கையாளர்களாகவே தொலைபேசியில் வந்து விழுவார்கள். அது தற்செயல்.

மேலாளரின் அருள்வாக்குகள் ஒரு பெரிய பலகையில் எழுதப்பட்டு, வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தன. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். அதன் உடம்பில் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குச் சட்டை, காய்ந்த கை பட்டால் கிழிந்துவிடும். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிட வேண்டும். அப்போதுதான் கழற்றும்போது வாய் கிழியாது. தாடையில் மட்டும் தொங்கவிடக் கூடாது, வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுக்க வேண்டும். சுடுகிற தரையில் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சிகரமாகச் சிவப்பு எழுத்தில் ஒன்று: ‘மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தவர், எடுத்த கணத்திலிருந்து தன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு மூச்சு முட்டினால் மீனுக்கும் முட்டுகிறது. உடனே விடுக.’

இதில் ஒரு வரியைக்கூடக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு ஈரமுள்ள பலகையை எந்த அலுவலகச் சுவரும் கண்டதில்லை.

பலகைக்கு நேர் எதிரே, நடைவழியில், கதவு திறக்கும்போதெல்லாம் முழங்கையில் இடிபடுகிற ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தவர்தான் நம்மவர். அந்த இடம் தற்காலிகமாகப் போட்டுத் தந்தது. அவரும் தற்காலிகம்தான். நிரந்தரமானவர்கள் கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கும். நம்மவர் கழுத்தில் மஞ்சள் பட்டை. வாடிக்கையாளர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது அவர் வேலை. அதில் அவருக்கு இணை கிடையாது. மற்றவர்கள் இடையிடையே சமாதானம் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நம்மவர் ஒரு முறை மூச்சை இழுத்து வைத்துக்கொண்டால், எதிர்முனையில் திட்டுகிறவர் களைத்துப் போகும்வரை வெளியே விடமாட்டார். கடைசியில் ஒரே ஒரு “ம்”. திட்டியவர்களே “பாவம், நல்ல மனுஷன்” என்று வைத்துவிடுவார்கள்.

பதினோரு மாதம் முடிந்ததும் கம்பெனி அவரை ஒரு நாள் விடுவிக்கும். மறுநாள் காலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்துவிட்டதால் அவர் புது ஆள். புதிதாக வந்த ஆள் வந்த அன்றே நிரந்தரம் கேட்பது முறையா? இப்படி வருஷா வருஷம் புது ஆளாகி, ஆறாவது வருஷத்தில் பிரிவிலேயே மிகப் பழைய புது ஆளாக இருந்தார்.

இதற்காக மேலாளரைக் குறை சொல்வது அடாது. அவர் ஒரு முறைகூட நம்மவரை வெறுங்கையோடு பிடித்ததில்லை. முதல் வருஷம் ‘ஏப்ரல்’ என்று ஒன்றை ஆட்டிக் காட்டினார். தூரத்தில் நின்று நன்றாக மின்னியது. அடுத்த வருஷம் ‘உங்க ஃபைல் மேலிடத்துலதான் இருக்கு’. இது ஆழத்துக்குப் போகிற வகை, எங்கே போனதென்று தெரியாது. ஒரு வருஷம் ‘நீங்க எனக்குப் பிள்ளை மாதிரி தம்பி’ என்று ஒன்று வந்தது. அது மெத்து மெத்தென்ற ரப்பர், வாய்க்குள் போனபிறகுதான் உள்ளே கொக்கி இருப்பது தெரியும். நம்மவர் அத்தனையையும் கவ்வினார்.

வீட்டில் மனைவி, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், தினமும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் கேட்பாள்.

“சொன்னாரா?”

“ஏப்ரல்னு சொன்னார்.”

“போன தடவையும் ஏப்ரல்தானே?”

“இது வேற ஏப்ரல்.”

அந்த வீட்டில் எல்லாமே ‘நிரந்தரம் ஆனதும்’ என்ற ஒரு வாக்கியத்தின் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கிறீச்சிடுகிற கட்டிலை மாற்றுவது, நிரந்தரம் ஆனதும். குளிர்பெட்டி வாங்குவது, நிரந்தரம் ஆனதும். கம்பெனியின் விலைச் சலுகை நீலப் பட்டைக்காரர்களுக்கு மட்டும்தான் என்பதால், குளிர்பெட்டிக் கம்பெனிக்காரர் வீட்டில் பால் தினமும் திரிந்தது. வரிசையில் மூன்றாவதாக ஒன்று நின்றது. குழந்தை. அதைப் பற்றி இருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் யாராவது ஒருவர் எழுந்து போய் விளக்கை அணைக்க வேண்டியிருந்தது.

மாமனார் வாரத்துக்கு ஒரு முறை வருவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற மனிதர். அக்கம்பக்கத்தாரிடம் மிகுந்த மரியாதையோடு, “இவர்தான் என் மாப்பிள்ளை. இன்னும் தற்காலிகமாத்தான் இருக்கார், கூடிய சீக்கிரம் நிரந்தரம் ஆயிடுவார்” என்று அறிமுகம் செய்துவைப்பார். கேட்டவர்கள் நம்மவரை விட்டுவிட்டு அவர் மகளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இப்படி எல்லாம் முறையாக நடந்துகொண்டிருக்கையில்தான், பலகையின் சிவப்பு வரியால் ஒரு சிக்கல் வந்தது.

மேலாளர் கொஞ்சம் பூசின உடம்பு. முதல் மாடிக்கு ஏறினாலே அரை மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மீனைத் தூக்கியதும் விதிப்படி மூச்சைப் பிடிப்பார். மக்கள் தொடர்பு அதிகாரி கேமராவோடு ஓடி வந்து “சார், கொஞ்சம் சிரிங்க” என்பாள். சிரித்தால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் மீனை விட வேண்டும். மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து ஒரே மாதிரிப் புகைப்படம்தான் வந்தது: சிவந்த முகம், பிளந்த வாய், வெறும் கைகள், ஓரத்தில் ஒரு வால்.

அவசரக் கூட்டம் கூடியது.

“விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமா சார்?” என்று அதிகாரி கேட்டாள்.

“விதி புனிதமானது” என்றார் மேலாளர்.

“அப்ப போட்டோ?”

“அதுவும் புனிதமானதுதான்.”

கணக்குப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், நீங்க செய்ய வேண்டிய வேலையை எல்லாம் நீங்களே செய்யறீங்களா என்ன? ஆள் போட்டுத்தானே செய்யறீங்க? மூச்சுக்கும் ஒரு ஆளைப் போட்டா?”

மேலாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிமிஷமே ‘எடுத்தவர்’ என்பதை ‘எடுத்தவர் அல்லது அவரால் நியமிக்கப்பட்டவர்’ என்று திருத்தி, பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள். புனிதத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை.

ஆள் தேர்வு அங்கேயே நடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நீலப் பட்டைக்காரர்கள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு மூச்சைப் பிடித்து ஆக வேண்டியது எதுவுமில்லை. மஞ்சள் பட்டைக்காரர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். நம்மவர் மட்டும் அசையவில்லை. தேநீர் வந்தது, குடித்தார்கள், கோப்பைகளைத் திரும்ப எடுத்துப் போக ஆள் வந்தான். அப்புறம்தான் யாருக்கோ ஞாபகம் வந்து அவர் தோளைத் தட்டினார்கள்.

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படி ஒரு திறமையை இத்தனை நாள் நடைவழியில போட்டு வச்சிருந்தோமே” என்றார். உடனே அவரைத் ‘தற்காலிக மூச்சுப் பொறுப்பாளர்’ ஆக நியமித்தார். மேஜை நடைவழியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சைப் பிடிக்கறதுக்கு ஆள் போட்டிருக்காங்களா?”

“ஆமா. நான்தான்.”

“மீனுக்கும் ஒரு ஆள் போட்டிருக்காங்களா?”

“மீனுக்கு எதுக்கு ஆள்?”

“அதுக்குப் பதிலா யாராவது திணறணும்ல?”

நம்மவர் சிரித்தார். துணி மடித்து முடிக்கும்வரை அவளும் சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் செழித்தன. மேலாளர் நிதானமாக மீனைத் தூக்குவார். கரையில் நம்மவர் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார். இப்போது மேலாளருக்குத் தலை வாரிவிட நேரம் இருந்தது. சட்டையில் கம்பெனி முத்திரை தெரிகிறதா என்று பார்க்கவும், ‘சாந்தமான முகம்’, ‘சிந்திக்கும் முகம்’, ‘இயற்கையோடு ஒன்றிய முகம்’ என்று மூன்று விதமாக எடுக்கவும் நேரம் இருந்தது. மேலாளர் அறைச் சுவர் நிரம்பியது. படங்களில் பெரும்பாலும் ஒரே மீன்தான். கீழுதட்டில் பழைய கொக்கி கிழித்த ஒரு பிளவு உண்டு, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மேலாளர் அதற்குப் ‘பழைய நண்பர்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“பாருங்க, நம்மமேல எவ்வளவு நம்பிக்கை! மறுபடி மறுபடி நம்மகிட்டயே வருது” என்பார்.

வருஷத்துக்கு ஒரு முறை விடுபட்டு மறுபடி மாட்டுகிறவருக்கு அந்த நம்பிக்கை எப்படிப்பட்டது என்று தெரியாதா? நம்மவர் அந்தப் பிளந்த உதட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஆனால் கண் போய்விடும். தண்ணீரில் விட்டபிறகு அது நிமிர்ந்து நீந்தப் பிடிக்கிற நேரம், வாரா வாரம் கூடிக்கொண்டே போவதையும் பார்த்தார்.

ஒரு நாள் மென்று விழுங்கிச் சொல்லியே விட்டார். “சார், போன வாரம் அது கொஞ்சம் தள்ளாடிச்சு.”

“தள்ளாடல தம்பி. நன்றி சொல்லிட்டுப் போகுது.”

இந்தப் புகழ் தலைமையகத்துக்கும் எட்டியது. ‘பொறுப்புள்ள கரங்கள்’ என்று ஒரு கேடயம் ஏற்பாடாகி, அதைக் கொடுக்க இயக்குநர் அம்மாவே ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்துக்கு வருவதாக முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் நம்மவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தம்பி, மேடம் கேமரா முன்னால நிக்கறவரைக்கும் மீன் என் கையில இருக்கணும். அதுவரைக்கும் மூச்சு உங்க நெஞ்சுல இருக்கணும். திங்கட்கிழமை உங்களுக்கு இடைவெளி நாள். செவ்வாய்க்கிழமை காலையில வந்தீங்கன்னா, நீலப் பட்டை. என் கையாலயே கழுத்துல போட்டுவிடறேன்.”

ஏப்ரல் இல்லை, மேலிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை! இப்படி ஒரு இரையை நம்மவர் ஆறு வருஷத்தில் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் உள்ளே போய், கட்டிலின் அளவைச் சேலைத் தலைப்பால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நம்மவர் கதவோரம் நின்று அதைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் அம்மா வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்த வெயிலில் மீனை வெளியே எடுப்பது பலகைப்படி தவறு. ஆனால் இயக்குநர்களைக் காக்க வைப்பது அதைவிடப் பழைய தவறு. மேலாளர் ரப்பர் புழுவைக் கோத்து வீசினார். புழு நெளிந்தது. பழைய நண்பர் தம் கடமையில் தவறவில்லை.

மேலாளரின் கைகளில் இரண்டு பேர் புட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். கொக்கியை இடுக்கியால் பதமாகக் கழற்றினார். வயிற்றுக்கு அடியில் ஒரு கை, தாடையில் ஒரு கை. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். மீன் மேலே வந்தது. கரையில் நம்மவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

“மேடம், இப்படி வெளிச்சத்துக்கு வாங்க.”

இயக்குநர் அம்மா வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் நல்லது என்றாள் அதிகாரி. கழற்றினார். கழற்றினால் கண் கூசுகிறது என்று மறுபடி போட்டுக்கொண்டார்.

“முத்திரை மறையுது சார், மீனைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. ரொம்ப இல்ல. ஆ, அப்படியே!”

எடுத்தார்கள்.

“இன்னொண்ணு, நெட்டுவாக்குல. இப்ப எல்லாரும் நெட்டுவாக்குலதான் பார்க்கறாங்க.”

எடுத்தார்கள்.

“மேடம், மீனோட நிலைமையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா, வீடியோவா போட்டுடலாம்.”

இயக்குநர் அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “நம் கம்பெனியைப் பொறுத்தவரை, ஒவ்வோர் உயிரும்...” என்று ஆரம்பித்தார். இயக்குநர்கள் இரண்டு வார்த்தை என்றால் எவ்வளவு என்பது தெரிந்ததுதானே.

நம்மவர் கண்முன்னால் நீலப் பட்டை ஆடியது. அதற்குப் பின்னால் கட்டில், குளிர்பெட்டி, அதற்கும் பின்னால் வாய்விட்டுப் பேசாத அந்த மூன்றாவது. பிறகு கண் வழக்கம்போல உதட்டுப் பிளவுக்குப் போய்விட்டது. செவுள் விரிந்தது. மூடியது. கொஞ்ச நேரம் கழித்து விரிந்தது. அடுத்தது விரிவதற்காகக் காத்திருந்தார். அது விரியவில்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மவருக்கு இன்னும் மூச்சு இருந்தது. இயக்குநர் அம்மா இன்னொரு உரை ஆற்றியிருந்தாலும் தாங்குகிற அளவுக்கு நெஞ்சு நிறைய இருந்தது. ஆறு வருஷ வேலையில் அவர் செய்த ஒரே பித்தலாட்டம் அந்த நிமிஷம்தான் நடந்தது.

“ஹா!” என்று ஊரே கேட்கும்படி மூச்சை விட்டார்.

உரை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். மேலாளரின் பார்வை மட்டும் கொக்கியாக இருந்திருந்தால் நம்மவரின் உதடும் அன்று பிளந்திருக்கும். ஆனால் இயக்குநர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், விதியோ புனிதமானது. மேலாளர் குனிந்து மீனைத் தண்ணீரில் இறக்கினார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. நம்மவர் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி, கையை நனைத்து, அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு அவர் விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன அசைவு, வாலில் ஒரு சுழிப்பு. போய்விட்டது.

“யார் இவர்?” என்று கேட்டார் இயக்குநர் அம்மா.

“எங்க மூச்சுப் பொறுப்பாளர் மேடம்” என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பிரமாதம்! தலைமையகத்துலகூட இப்படி ஒரு பதவி இல்லையே. எத்தனை நாளா இருக்கீங்க?”

“ஆறு வருஷமா தற்காலிகமா இருக்கேன் மேடம்.”

இயக்குநர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “நல்ல நகைச்சுவை உணர்வு உங்க பிரிவுல!” என்று மேலாளரைப் பாராட்டி, ‘உயிரின் துடிப்பறிந்து உடனே விடும் உத்தமர்’ என்று சொல்லி, கேடயத்தை மேலாளரின் ஈரக் கைகளில் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். முழங்கால்வரை நனைந்த பேன்ட்டைப் பார்த்ததும், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

“விட்டுட்டீங்களா?”

“விட்டுட்டேன்.”

“அது போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“உங்களுக்கு இன்னும் மூச்சு இருந்துச்சுதானே?”

“ம்.”

அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே, “எனக்கு இல்லீங்க” என்றாள். “ஆறு வருஷமா நானும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இனிமே முடியல. செவ்வாய்க்கிழமை அவர் எதை ஆட்டிக் காட்டினாலும் வாயைத் திறந்துடாதீங்க. கொஞ்ச நாளைக்கு என் சம்பளத்துல ஓட்டிக்கலாம்.”

நம்மவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

திங்கட்கிழமை இடைவெளி நாள். மாமனார் வந்திருந்தார். “என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு உங்களை விட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஆமா மாமா. நாளைக்குப் பிடிச்சுடுவாங்க.”

“பத்திரமாப் பிடிப்பாங்கல்ல?”

“கையை நனைச்சுக்கிட்டுத்தான் பிடிப்பாங்க மாமா.”

செவ்வாய்க்கிழமை காலை மேலாளரின் அறை. சுவர் முழுக்கப் பழைய நண்பர், மேஜைமேல் கேடயம், கேடயத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துக்காகப் புது ஒப்பந்தம், அதன்மேல் ஒரு பட்டை. மஞ்சள். மேலாளர் கோபத்தை மறந்துவிட்டிருந்தார். பெரிய மனசு. கேடயம் கிடைத்தால் யாருக்கும் வரக்கூடியதுதான்.

“உக்காருங்க தம்பி. அன்னிக்கு நீங்க இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா மேடம் பேச்சு முழுசா வந்திருக்கும். பரவாயில்ல. நீலப் பட்டை தயாராத்தான் இருந்துச்சு. இப்ப கொஞ்சம் தள்ளிப்போகுது, அவ்வளவுதான். ஏப்ரல்ல கண்டிப்பா...”

ஏப்ரல் அறை நடுவில் நின்று மின்னியது. நம்மவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மேலாளர் அதை இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார்.

“மேலிடத்துலயும் பேசிட்டேன். நீங்க எனக்குப் பிள்ளை மாதிரி. என்ன தம்பி, பேசவே மாட்டேங்கறீங்க?”

“ஒரு சந்தேகம் சார்” என்றார் நம்மவர். “கையில ஒரு உயிரை வச்சிருக்கிறவர் தன் மூச்சைப் பிடிச்சுக்கணும்னு பலகையில போட்டிருக்கீங்க. அது மீனுக்கு மட்டும்தானா, எல்லா உயிருக்குமா?”

மேலாளருக்கு முகம் மலர்ந்தது. கொள்கை பற்றிப் பேசுவது என்றால் அவருக்கு உயிர். “என்ன கேள்வி இது? எல்லா உயிருக்கும்தான்!”

“அப்ப சரி சார். இந்த ஏப்ரல் வரைக்கும்கூட இருக்கேன். என்னைக் கையில வச்சிருக்கிறது நீங்க. அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. இத்தனை நாளா உங்களுக்குப் பதிலா என் வீட்டுல ஒருத்தி பிடிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு முட்டிடுச்சு.”

மேலாளர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சுவரிலிருந்த அத்தனை படங்களிலும் பழைய நண்பர் அதையேதான் செய்துகொண்டிருந்தது. மூச்சு போய்விட்டது, விதிப்படி உடனே விட வேண்டியதுதான்.

நம்மவர் மேஜையிலிருந்த தண்ணீர்க் குவளையில் விரல்களை நனைத்துக்கொண்டார். பழைய மஞ்சள் பட்டையைக் கழுத்திலிருந்து பதமாகக் கழற்றி, அடியில் இன்னொரு கை கொடுத்து, ஒப்பந்தத்தின்மேல் மெல்ல இறக்கி வைத்தார். பிறகு கதவைப் பார்த்து நடந்தார்.

இப்படிப்பட்ட நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்பது மேலாளருக்குத் தெரியாததல்ல. மேஜை மணியை ஓங்கி அடித்தார்.

“யார் அங்க? சீக்கிரம், மூச்சுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்க!”

நம்மவர் வாசலில் நின்று திரும்பினார்.

“அவர் போயிட்டார் சார். இனிமே உங்க மூச்சை நீங்கதான் பிடிச்சுக்கணும்.”